அஞ்சுவோரைத் தேர்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதை படித்தோம், கேட்டோம், வாதிட்டோம். பதினோராம் ஆண்டில் ஒரு நாடகத்தை மேடையேற்றுவது என்று சென்ற கூட்டத்தில் முடிவாயிற்று. கல்கியின் பொன்னியின் செல்வனில் வரும் கடம்பூர் மாளிகைக் காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று பலரும் ஒருமித்துக் கூறினர். நடிகர் தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறீர்கள். ஆதலின், அச்சச்சுவை மிக்க ஒரு நாடகத்திற்கு நடிகரைத் தேர்வது எவ்வாறு என்பதையே இன்றைய உரையின் பொருளாகக் கொண்டேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்ச நாடகத்தில் அச்சுறுத்துவோரைத் தேடுவதற்கு முன் அஞ்சுவோரைத் தேட வேண்டும். ஏன் என்பதே இனி நான் சொல்லப்போவது.

கடம்பூரும் உடையார்குடியும்

மேலைநாட்டில் 'கோதிக்' என்றொரு கதைவகை உண்டு. ஹொரேஸ் வால்போல் 1764 இல் வெளியிட்ட 'ஒட்ரான்டோ கோட்டை' என்னும் புதினம் அதன் தொடக்கம் என்பர். பழைய மாளிகை, இருண்ட சுரங்கவழி, முன்னோர் செய்த குற்றம், அக்குற்றம் பின்னோரைத் தேடி வருதல் ஆகியன அவ்வகையின் உறுப்புகள். மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' (1818), பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) ஆகியவை அவ்வழி வந்தவை.

இவ்வுறுப்புகள் அனைத்தும் கடம்பூர் மாளிகையில் உள்ளன. கல்கி அப்புதினத்தை 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதினார். கதை தொடங்குவதே நம் வீராணத்து ஏரிக்கரையில். வீரபாண்டியனைக் கொன்ற ஆதித்த கரிகாலன் அக்கொலையின் நினைவால் அலைக்கழிக்கப்பட்டுக் கடம்பூருக்கு வருகிறான், அங்கே மாண்டுபோகிறான். கொன்றவர் இன்னார் என்று ஐயமறச் சொல்லாமல் கல்கி காட்சியை இருளில் முடிக்கிறார்.

இது வெறுங்கற்பனை அன்று என்பதை இவ்வூர்க்காரர் நாம் நன்கறிவோம். உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராசராசனின் 2 ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகிய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரையும் அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகளையும் பற்றி அது பேசுகிறது. மாலையில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது நாம் கடந்து செல்லும் சுவரில் ஓர் இளவரசனின் கொலை எழுதப்பட்டிருக்கிறது. இதனினும் பொருத்தமான நாடகம் நம் வட்டத்திற்கு அமைதல் அரிது.

இப்புதினத்தை முழுமையாக மேடைக்குக் கொணர்ந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது மேஜிக் லாண்டர்ன் குழுவினருடையது. குமரவேலின் நாடகமாக்கத்தில் 1999 இல் சென்னையில் திறந்தவெளியில் அதனை நடத்தினர். 2014 இல் மீண்டும் மேடையேற்றினர். நம்மிடம் அத்தகைய பொருளும் இல்லை, ஆளும் இல்லை. நம்மிடம் இருப்பன ஒரு திருமண மண்டபத்தின் மேடை, இரண்டு விளக்குகள், நாற்பது உறுப்பினர்கள். ஆகவே தேர்வு ஒன்றுதான் நம் மூலதனம்.

அச்சத்தின் இருப்பிடம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன்களையும் நந்நான்காகக் கூறுகிறார். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவனாகிய அரசன் என்பன. கடம்பூர்க் காட்சியை இக்கண்கொண்டு நோக்கினால் வியப்பு மேலிடுகிறது. பழிவாங்கக் காத்திருக்கும் நந்தினியும், அவள் கையிலுள்ள மீன் இலச்சினை பொறித்த வாளும் அணங்கின் இடத்தில் நிற்கின்றன. வேட்டை மண்டபத்தில் உயிருள்ளவைபோல் நிறுத்தப்பட்டிருக்கும் விலங்குகள் உள. மறைந்து வரும் சதிகாரர் கள்வரின் இடத்தினர். எப்போது சினம் கொள்வான் என்று அறிய இயலாத இளவரசன் கரிகாலனே அஞ்சத்தக்க இறைவன். நான்கும் ஒரே மாளிகையில் கூடிவிட்டன!

ஆயினும் இந்நான்கும் அச்சத்திற்கு ஏதுக்கள் மட்டுமே. அச்சம் வேறு. இதனை உரையாசிரியர் இளம்பூரணர் மிகத் தெளிவாக விளக்குகிறார். ஒருவன் பேயையோ புலியையோ கண்டு அஞ்சுகிறான் என்று கொள்வோம். அப்பேயும் புலியும் சுவைக்கப்படு பொருள். கண்டது முதல் அவன் உள்ளத்தில் நீங்காது நிற்கும் அச்சம் சுவை. அதனால் அவன் மயங்குவதும் ஒளிந்துகொள்வதும் குறிப்பு. உடல் நடுங்குவதும் வியர்ப்பதும் சத்துவம். இவ்வாறு நான்காகப் பகுத்துக் காட்டுகிறார்.

இப்பகுப்பு இலக்கண மாணவர் மனப்பாடம் செய்வதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. நாடகக்காரனுக்கு இது கைவிளக்கு. நான்கனுள் முதலாவது மட்டுமே பேய் வேடக்காரனிடம் இருக்கிறது. எஞ்சிய மூன்றும் அவனைக் கண்டு அஞ்சுகிறவனிடம் இருக்கின்றன. அவையோர் பேயைப் பார்த்து அஞ்சுவதைவிட, பேயைப் பார்த்தவன் முகத்தைப் பார்த்து அஞ்சுவதே மிகுதி. புலியின் தோலைப் போர்த்துக்கொண்டு மேடையில் வருபவனைக் கண்டு குழந்தைகள் சிரிக்கின்றன. அவனைக் கண்டு மற்றொருவன் உண்மையாகவே பின்வாங்கினால் அச்சிரிப்பு நின்றுபோகிறது.

சாத்தனாரும் இதனை உணர்ந்தவர். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தைச் சொல்லும் காதையில் சார்ங்கலன் என்னும் அந்தணச் சிறுவன் வழிதவறிச் சுடுகாட்டினுள் புகுகிறான். அங்கே பேயின் கூத்தைக் கண்ட அளவிலேயே நடுங்கி ஓடித் தாய் கோதமையிடம் சேர்ந்து உயிர்விடுகிறான். நம் நெஞ்சில் நிற்பது பேயின் உருவமா, ஓடிவரும் சிறுவனா என்று எண்ணிப் பாருங்கள்.

நிறம் பார்த்துத் தேர்தல்

இங்கே ஒரு கசப்பான செய்தியைச் சொல்லியாக வேண்டும். நான் முதுகலை மாணவியாக இருந்த காலத்தில், ஆண்டு விழாவுக்காக ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தைத் தமிழில் நடத்தினார்கள். நடிகர் தேர்வுக்கு முப்பது மாணவியர் வரிசையில் நின்றோம். நாடகத்தை இயக்க வந்தவர் வரிசையை ஒருமுறை பார்த்தார். கறுத்து நெடிதாய் நின்ற ஒரு மாணவியைச் சுட்டி, "சூனியக்காரி கிடைத்துவிட்டாள்" என்றார். அவளை ஒரு வரிகூடப் படிக்கச் சொல்லவில்லை. அவள் தயங்கித் தயங்கி, "ஐயா, அரசியின் வசனத்தை ஒருமுறை படித்துக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் சென்றுவிட்டார். சிவந்த நிறமுடைய ஒருத்திக்கு அரசி வேடம் வழங்கப்பட்டது. நாடகம் நடந்தது, கைதட்டல் கிடைத்தது. அப்பெண்ணுக்கு விடுதியில் ஈராண்டுகள் அந்த வேடத்தின் பெயரே வழங்கிற்று. அதன்பின் அவள் மேடையேறவே இல்லை.

இது ஓர் இடத்துக் கதையன்று. நம் பக்கத்து ஊர் நாடகங்களில் எமனுக்கும் அரக்கனுக்கும் பேய்க்கும் ஆள் தேர்வது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். நிறம் பார்க்கிறோம், பல்வரிசை பார்க்கிறோம், சில ஊர்களில் எந்தத் தெருவினர் என்றும் பார்க்கிறோம். ஒருவரின் பிறவி உருவத்தையே அச்சத்திற்குரிய பொருளாக ஆக்கி, அதனை ஊரறியக் கூறிவிடுகிறோம். இது கலைக்கும் கேடு, மனிதர்க்கும் கேடு.

நம் மரபு இதனைக் கேட்கவே இல்லை என்பதற்குச் சான்று இவ்வூரிலேயே உண்டு. வீரநாராயணபுரம் என்னும் இத்தலத்தில் தோன்றிய நாதமுனிகள் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்து, தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் ஆகியோர்க்கு இசையோடு பயிற்றுவித்தார். அதன் வழிவந்ததே அரையர் சேவை. திருவரங்கத்தில் அரையர் இரணிய வதத்தை அபிநயிக்கும்போது சிங்கமுகம் அணிவதில்லை. பல் வைத்துக் கட்டுவதில்லை. தலையில் குல்லாய், கையில் தாளம், வாயில் பாசுரம், அவ்வளவே. அந்த ஒருவரிடமே இரணியனும் தோன்றுகிறான், பிரகலாதனும் தோன்றுகிறான், தூணைப் பிளந்து வருபவனும் தோன்றுகிறான். உருவத்தைக் கொண்டு வேடம் தருவோர் இதனை ஒருமுறை சென்று காணுதல் நலம்.

வேடத்தின் சுமை

அச்சுறுத்தும் வேடத்தைத் தாங்குபவர்க்கு நேர்வது என்ன என்பதையும் தேர்வுக் குழுவினர் அறிந்திருக்க வேண்டும்.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) தம் 24 ஆம் அகவையில் நாடக வாழ்வில் புகுந்தவர். எமன், சனீசுவரன், இரணியன், இராவணன் ஆகிய வேடங்களில் அவர் பெயர்பெற்றார். நாடக வரலாற்று நூல்கள் தொடர்ந்து கூறிவரும் செய்தி ஒன்றுண்டு. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் ஆர்ப்பரித்து வந்த காட்சியைக் கண்டு அவையிலிருந்த ஒரு கருவுற்ற பெண்ணுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது என்பர். நளதமயந்தி நாடகம் முடிந்த விடியலில், சனீசுவரன் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்டு, துணி வெளுக்க வந்த ஒரு பெண் அச்சத்தால் உயிர் நீத்தாள் என்பர். இந்நிகழ்ச்சிகளுக்குப் பின் அவர் வேடம் புனைவதைக் கைவிட்டு, நாடகம் எழுதுவதிலும் சிறுவர்களுக்குப் பயிற்றுவதிலும் ஈடுபட்டார். 1918 இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அவரிடம் பயின்றவர்களே. இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத புதுச்சேரியில்தான் அவர் மறைந்தார்.

இச்செய்தியை அவருடைய நடிப்பாற்றலுக்குச் சான்றாகவே மேடைதோறும் சொல்கிறோம். நான் அதில் வேறொன்றைக் காண்கிறேன். தம்மைக் கண்டு அஞ்சியவர்களை அவர் கண்டார். அவர்களுடைய அச்சம் அவரைத் தொட்டது. அஞ்சுவோரின் உள்ளத்தை உணரத் தெரிந்தவராதலால்தான் அவர் வேடத்தைக் களைந்தார். அவ்வுணர்வே பின்னர்ப் பல நாடகங்களாக மலர்ந்தது என்று கருத இடமுண்டு.

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம செயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடைபெறுகிறது. வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய பிரகலாத சரித்திரம் அதன் உச்சம். தொழில்முறை நடிகர் அல்லாத அவ்வூரினரே நடிக்கின்றனர். நரசிம்ம முகம் வழிபாட்டுக்குரியது. அதனை அணிபவர் நோன்பிருக்க வேண்டும். ஆவேசம் மிகும்போது அவரைப் பிடித்து நிறுத்த உடன் ஆட்கள் நிற்பர். அச்சுறுத்தும் வேடத்திற்கு அங்கே முதல் தகுதி அடக்கம் என்பது கவனிக்கத்தக்கது.

கடல் கடந்த சான்றும் ஒன்று கூறுவேன். பிராங்கன்ஸ்டைன் கதை 1823 இல் இலண்டனில் நாடகமாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் மேரி ஷெல்லியே அதனைச் சென்று பார்த்தார். நடிகர் பட்டியலில் டி.பி. குக் என்னும் நடிகரின் பெயருக்கு நேரே, வேடத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுங்கோடு மட்டும் இருந்ததைக் கண்டு அவர் மகிழ்ந்தார். நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்நடிகரைப் பாராட்டுகிறார். எதற்காகத் தெரியுமா? பற்றுக்கோடு தேடித் தடுமாறியதற்காகவும், காதில் விழுந்த ஒலிகளைக் கையால் பிடிக்க முயன்றதற்காகவும். கண்டோர் அஞ்சும் உருவத்தை ஏற்றவர், உலகைக் கண்டு தாமே திகைத்தவராக நடித்தார். 2011 இல் இலண்டன் தேசிய நாடக அரங்கில் அதே கதையை டேனி பாயில் இயக்கியபோது, பெனடிக்ட் கம்பர்பேட்ச், ஜானி லீ மில்லர் ஆகிய இருவரும் படைத்தவனாகவும் படைக்கப்பட்டவனாகவும் மாறி மாறி நடித்தனர். அச்சுறுத்துபவன் ஒரு பிறவி, அஞ்சுபவன் வேறொரு பிறவி என்ற எண்ணத்தை அத்தேர்வு உடைத்துவிட்டது.

அமெச்சூர்கள் காட்டிய வழி

சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத்துறையில் புகுந்த அதே 1891 இல் சென்னையில் சுகுண விலாச சபை தோன்றியது. அதனை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியாரும் அவர்தம் நண்பர்களும் படித்துக்கொண்டோ பணியாற்றிக்கொண்டோ ஓய்வு நேரத்தில் நடித்தவர்கள். நம்மைப் போன்றவர்கள்தாம். ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்றும் மாக்பெத்தை 'மகபதி' என்றும் தமிழாக்கிய பம்மல், தம்மிடம் உள்ள நண்பர்களின் இயல்பறிந்து அவர்களுக்கு ஏற்பப் பாத்திரங்களை அமைத்தவர். ஆள் தேடி அலையாமல், இருக்கும் ஆளை உற்றுநோக்கும் முறை அது. அவர் நாடகங்களுள் ஒன்றின் பெயர் 'பேயல்ல பெண்மணியே' என்பது. தேர்வு நடக்கும் அறையின் வாயிலில் அப்பெயரை எழுதிவைக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அமலாதித்யன் கதையை எண்ணுங்கள். இறந்த மன்னனின் ஆவி நள்ளிரவில் கோட்டைமேல் வருகிறது. அதனை முதலில் காண்பவர் காவலர்கள். மிகச் சிறிய வேடங்கள். அக்காவலர் அஞ்சாவிட்டால் எத்தனை வெள்ளாடை போர்த்தினாலும் ஆவி வரவில்லை என்றே பொருள். ஆனால், அமெச்சூர் சபைகளில் அவ்வேடங்களை யாருக்குத் தருகிறோம்? நன்கொடை தந்தவரின் மகனுக்கோ, ஒத்திகைக்கு வர இயலாதவருக்கோ தருகிறோம். நாடகம் அங்கேயே தோற்றுவிடுகிறது.

நம் தேர்வு முறை

இனி, குழுவின் முன் என் பரிந்துரைகளை வைக்கிறேன்.

முதலாவது, தொடக்கச் சுற்றில் திரைக்குப் பின்னின்றே படிக்கச் செய்ய வேண்டும். வானொலி நாடகத்தில் குரலே உடல். நிறமும் உருவமும் தெரியாதபோது, குரல் எங்கே உடைகிறது, எங்கே மூச்சு நிற்கிறது என்பது மட்டும் கேட்கும். பெயரும் வேண்டா, எண் போதும்.

இரண்டாவது, முதலில் தேர வேண்டிய வேடங்கள் வந்தியத்தேவனும் மணிமேகலையும். கரிகாலனும் நந்தினியும் பின்னர். கடம்பூர் இருளில் மறைந்திருந்து, நடப்பது இன்னதென்று முழுதும் விளங்காமல் திகைப்பவன் வந்தியத்தேவன். அவ்விரவின் அதிர்ச்சியால் மனம் பேதலிப்பவள் மணிமேகலை. அவையோர் இவ்விருவர் கண்வழியேதான் மாளிகையைக் காண்பார்கள்.

மூன்றாவது, இவர்களுக்கு வைக்கும் தேர்வில் வசனமே வேண்டா. மேடையில் ஒருவரை அமர்த்தி, பின்னால் ஒருவர் மெல்ல நடந்துவர வேண்டும். திரும்பாமல், பேசாமல், அக்காலடியைக் கேட்பவராக அவர் இருந்து காட்ட வேண்டும். அலறுவது எளிது, கேட்பது அரிது. பேசத் தெரிந்தவர் நம் வட்டத்தில் பலர். கேட்கத் தெரிந்தவர் யார் என்று அன்று தெரிந்துவிடும்.

நான்காவது, கரிகாலனாகப் படித்தவரையே இரவிதாசனாகவும், நந்தினியாகப் படித்தவரையே மணிமேகலையாகவும் மாற்றிப் படிக்கச் செய்ய வேண்டும். அஞ்சத் தெரிந்தவரால் மட்டுமே அளவறிந்து அச்சுறுத்த இயலும்.

ஐந்தாவது, எந்த வேடத்தை விரும்புகிறீர்கள் என்று வந்தவரைக் கேட்க வேண்டும். விரும்பிய வேடத்தின் ஒரு பகுதியையாவது படிக்க வாய்ப்பளிக்காமல் எவரையும் அனுப்பக்கூடாது. வேடம் கிடைக்காதவர்க்குக் காரணத்தை மரியாதையாகச் சொல்ல வேண்டும். எதிர்ப்பாத்திரம் ஏற்பவரை அவ்வேடப் பெயரால் மேடைக்கு வெளியே எவரும் அழைப்பதில்லை என்று வட்டம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். முப்பதாண்டுகளுக்கு முன் ஒரு விடுதியில் அப்படி ஒரு தீர்மானம் இருந்திருந்தால், தமிழ்மேடைக்கு ஒரு நல்ல அரசி கிடைத்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் கேட்ட கவிஞர் ஒருவர், "அம்மா, ஒரு நாள் நாடகத்துக்கு இத்தனை தேர்வா?" என்று சற்றுமுன் என்னிடம் நகைத்தார். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அவருக்கு நினைவூட்டினேன். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் ஆடித் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். ஆடல் ஆசான் முதல் யாழாசிரியன் வரை ஒவ்வொருவர்க்கும் தகுதி இன்னதென்று இளங்கோவடிகள் வகுத்துரைக்கிறார். நாம் கேட்பது ஏழாண்டுகள் அன்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

கவிதைக்கும் இது பொருந்தும் என்பதால்தான் உங்கள் முன் இவ்வளவு விரிவாகப் பேசினேன். அச்சத்தைப் பாடும் கவிஞன் பேயின் பல்லை எண்ணிக்கொண்டிருந்தால் பாட்டு வேடமாகிவிடும். அஞ்சுகிறவனின் உலர்ந்த நாவைப் பாடினால் அது மெய்ப்பாடாகும். அந்நாவுக்குரியவர் எந்தத் தெருவில் வாழ்ந்தாலும், எந்த நிறத்தவராயினும் அவர் நம் நாடகத்துக்கு உரியவர்.

தேர்வு நாளன்று வரிசையில் முதலில் வந்து நிற்க வேண்டியவர்கள் தேர்வுக் குழுவினராகிய நாங்களே. காலடி ஓசையைக் கேட்கும் அத்தேர்வை முதலில் எங்களுக்கு வையுங்கள். பிறகு நீங்கள் வாருங்கள்.